‘தகிட தகிட... தகதிமி’: கிடாரில் நீளமாக வாசிக்க வலது கை போடும் கணக்கு!

யூடியூப் பார்த்து ஸ்கேல் எல்லாம் மனப்பாடம். ஆனால், ஜாஸ் டிராக்கை ஓடவிட்டு சொந்தக் கற்பனையில் வாசிக்க ஆரம்பித்தால் ஆறேழு ஸ்வரத்திலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது. கிடார் பழகும் பலருக்கும் இதே கதைதான். ஸ்பீடு போதவில்லை என்று விரலை விரட்டுவார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கே இல்லை. எங்கே போய் இறங்குவது என்று தெரியாததில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை சற்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்த எஸ்.ராமநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். 1970-களில் அங்கே அவரிடம் வீணை கற்றார் ஜான் மெக்லாஃப்லின். ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ மூலம் அப்போதே பெயர் வாங்கிவிட்ட ஆங்கிலேய ஜாஸ் கிடாரிஸ்ட். அவர் விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன், எல்.சங்கர் ஆகியோருடன் தொடங்கிய ‘சக்தி’ குழு, 2024-ல் கிராமி வென்றது. அப்போது கஞ்சிராவில் விக்குவின் மகன் செல்வகணேஷ்.

மெக்லாஃப்லினின் வலது கை, ஆல்டர்நேட் பிக்கிங்குக்குப் பேர்போனது. பிக் ஒருமுறை கீழே, அடுத்தது மேலே. தந்தி மாறினாலும் இந்த வரிசை மாறாது. அவ்வளவுதான். ஆனால், கை தாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது: ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்றால், ஒவ்வொரு தட்டும் கீழ் வீச்சில்தான் விழும்.

இனி இறங்கும் இடம். ஜாஸில் அடிக்கடி வரும் கார்டு வரிசை டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. சி-யை ‘ஸ’ என்று வையுங்கள். முதல் கார்டின் ‘ஸ’ அரைப்படி இறங்கினால் ‘நி’. அது இரண்டாவது கார்டின் உயிர் ஸ்வரம். அங்கிருக்கும் ‘ம’ இறங்கினால் ‘க’. மூன்றாவது கார்டு வந்துவிட்டது! கார்டு மாறும்போது வாசிப்பை நிறுத்தாமல் இந்தப் படிகளில் கடந்துபோனால், இரண்டு துண்டு ஒரே வாக்கியமாகிவிடும்.

முதல் இரண்டு கார்டுக்கு ஆளுக்கு நான்கு தட்டு என்றால் மொத்தம் 16 ஸ்வரம். 17-வது, மூன்றாவது கார்டின் ‘க’. எட்டு எட்டாக வாசித்தால் தட்டையாக இருக்கும். ‘தகிட’ நான்கு முறை, ‘தகதிமி’ ஒருமுறை என்று பிரித்துப் பாருங்கள். அதுவும் 16 தான். இங்கேதான் வேடிக்கை. முதல் ‘த’ கீழ் வீச்சு, இரண்டாவது ‘த’ மேல் வீச்சு, மூன்றாவது மறுபடி கீழ். அழுத்தம் இடம் மாறிக்கொண்டே போகும். கை மட்டும் ஒரே சீராக ஆடும். ‘தகதிமி’ முடிந்ததும் 17-வது கச்சிதமாகக் கீழ் வீச்சில் விழும். கல்பனாஸ்வரத்தில் கணக்கு வைத்து எடுப்புக்கு வருகிற அதே சுகம்.

மேல் வீச்சு ‘த’ ஆரம்பத்தில் சோப்ளாங்கியாகத்தான் கேட்கும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரே தந்தியில், ஒரே ஸ்வரத்தில், வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். இரண்டு ‘த’வும் ஒரே கனத்தில் கேட்கும்வரை இடது கைக்கு வேலை கொடுக்க வேண்டாம்.