கரியமில வாயுவுக்குக் கடலடியில் ஒரு களஞ்சியம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவைப் பினாங்கு மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது விடிவதற்குள் தீவிலும் பெருநிலத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஏழு உயிர்கள் பலியாயின. தனியொரு மழைக்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். ஆயினும், காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல் உண்மை. நீராவி மிகுந்தால் பெருமழையும் வலுக்கும்.

காற்றைச் சூடேற்றும் மாசுகளில் முதலிடம் வகிப்பது கரியமில வாயு ஆகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இவ்வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதே இதற்குத் தலையாய காரணம். இவ்வாயுவைக் காற்றில் கலக்க விடாமல் பிடித்துப் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் என்ன? நம் நாட்டிலும் இக்கேள்வி இன்று செயல்வடிவம் பெற்று வருவதால், அன்பர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

புதைப்பது எப்படி?

பூமிக்கடியில் பெரிய குகை ஒன்றில் வாயுவை அடைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஆழத்திலுள்ள மணற்பாறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை உள்ளன. கடற்கரை மணலில் ஊற்றிய நீர் மணற்பரல்களுக்கிடையே இறங்குவதைப் போல, அழுத்திச் செலுத்தப்படும் வாயு அத்துளைகளில் பரவுகிறது. சுமார் 800 மீட்டருக்குக் கீழே உள்ள அழுத்தத்தில் அது நீர்மம் போல் அடர்ந்து, சிறிய இடத்தில் அடங்கிவிடும். அதன்மேல் களிப்பாறை ஒன்று, ஊறுகாய்ச் சாடியின் மூடி போல் இறுக்கமாக அமைந்திருக்க வேண்டும். நாளடைவில் வாயுவின் ஒரு பகுதி அங்குள்ள உப்புநீரில் கரையும். மற்றொரு பகுதி மிக மெதுவாகக் கல்லோடு கல்லாகும்.

நார்வே நாடு வடகடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் 1996ஆம் ஆண்டு இப்பணியைத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவில் அங்கே வாயு செலுத்தப்பட்டது. அல்ஜீரியாவின் இன் சாலா திட்டமோ 2004இல் தொடங்கி, மூடிப்பாறையின் உறுதி குறித்து ஐயம் எழுந்ததால் 2011இல் நிறுத்தப்பட்டது. எல்லாப் பாறையும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

சரவாக் கடலில்

பிந்துலுவுக்கு அப்பால் உள்ள கசவாரி எரிவாயு வயலில், எரிவாயுவோடு கரியமில வாயுவும் மிகுதியாகக் கலந்துள்ளது. அதனைப் பிரித்தெடுத்து, எரிவாயு எடுத்துத் தீர்ந்த எம்1 என்னும் பழைய வயலுக்குக் குழாய் வழியே கொண்டு சென்று புதைக்கும் திட்டத்திற்கு, 2022 நவம்பரில் பெட்ரோனாஸ் முதலீட்டு முடிவை எடுத்தது. ஆண்டுக்கு 33 இலட்சம் டன் வரை புதைப்பது இதன் நோக்கம்.

இது பெரிய எண்தான். ஆனால் நம் நாடு வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஆகும். மேலும், கசவாரி எரிவாயு பின்னர் எரிக்கப்படும்போது எழும் புகை இக்கணக்கில் சேராது. உலகம் முழுவதும் இன்று பிடிக்கக்கூடிய அளவு ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். வெளியிடப்படுவதோ 3,700 கோடி டன்! ஆகவே புதைப்பது ஒரு துணைமருந்தே. புகையைக் குறைப்பதே மூலமருந்து.

காவல் காப்பவர் யார்?

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பெருமளவில் கசிந்தால் தாழ்விடங்களில் தேங்கி மூச்சை அடைக்கும். 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இவ்வாயுவைக் கொண்டு செல்லும் குழாய் வெடித்ததில் 45 பேர் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. புதைத்த இடத்திலோ, சரியாக அடைக்கப்படாத பழைய கிணறுகளே கசிவுக்கு வழியாகக்கூடும். எனவே நூற்றாண்டுக் கணக்கில் கண்காணிப்புத் தேவை.

2025 மார்ச்சில் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய இச்சட்டம், வெளிநாட்டு வாயுவையும் அனுமதியின் பேரில் இங்கே கொண்டுவந்து புதைக்க இடமளிக்கிறது. நம் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட சகாபாட் ஆலாம் மலேசியா அமைப்பு இதற்கு ஆட்சேபம் தெரிவித்துள்ளது. அதே வேளையில், களஞ்சியம் மூடப்பட்ட பின் அதனைப் பேணுவதற்கென ஒரு நிதியையும் இச்சட்டம் ஏற்படுத்தியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளை விட்டனர். அவை குறையாமல் பெருகி நெய் தந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் பொறித்தனர். கொடுத்தவர் மறைந்த பின்னும் விளக்கு எரிய வேண்டுமே என்னும் கவலை அவர்களுக்கு இருந்தது.

அறக்கொடை அளிக்கும் நம் அன்பர்கள் ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்க விரும்புவது இயல்பு. கடலடிக் களஞ்சியத்திற்கும் அதே முறை பொருந்தும். எவ்வளவு புதைத்தார்கள், எவ்வளவு தங்கியது, நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று நாமும் கேட்க வேண்டும். நமக்குப் பின் நம் பிள்ளைகளும் கேட்க வேண்டும்.