பெரியம்மாவுக்குப் பைத்தியமா?

திருமங்கலத்திலிருந்து என் பெரியம்மாவை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது 78. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் இரவுதான் கூத்து ஆரம்பமாயிற்று! நர்ஸைப் பார்த்து, "ஏண்டி, மாட்டைப் பிடிச்சுக் கட்டினியா?" என்று அதட்டினாள். கையில் குத்தியிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தாள். பெற்ற மகனையே, "யாரப்பா நீ?" என்று கேட்டாள்.

மருமகள் தாழ்வாரத்தில் நின்று கண்ணைக் கசக்கினாள். "மதினி, முதுகிலே ஊசி போட்டும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். வலியே தெரியக்கூடாது, முழு மயக்கம் கொடுங்கள் என்று நான்தானே கெஞ்சினேன்? என்னால்தானே அத்தைக்குப் புத்தி கெட்டுப்போச்சு?"

அந்தப் பெண்ணுக்காகவே இதை விசாரிக்கப் புகுந்தேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு முதுகு ஊசியும் மறு கட்சிக்கு முழு மயக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. புத்தி கலங்கியவர்கள் முதுகு ஊசிக் கட்சியில் நூற்றுக்கு 20.5, மயக்கக் கட்சியில் 19.7. அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து வந்த ஆராய்ச்சியும் பெரிய வித்தியாசமில்லை என்றே சொல்லிற்று. ஆக, மருமகள் குற்றவாளி அல்ல!

பின் எதனால்? கண் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன நம் மதுரையில் இதைச் சொல்வது பொருத்தம். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் இரண்டு கண்ணையும் கட்டி, நாள் கணக்கில் ஆடாமல் அசையாமல் படுக்க வைப்பார்கள். அப்படிக் கிடந்த முதியவர்கள் சிலரும் பிதற்றினார்கள். வைஸ்மன், ஹாக்கெட் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் 1958-ல் இதைக் 'கறுப்புக் கட்டுப் பிதற்றல்' என்றே எழுதினார்கள். இருட்டும் தனிமையும் மூளையைக் குழப்பப் போதும்! இதனோடு முதுமை, ஏற்கெனவே உள்ள மறதி, வலி, தண்ணீர்க் குறைவு, சீழ்க்காய்ச்சல், தூக்க மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

சிலர் பிதற்றுவதே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசாமல் படுத்திருப்பார்கள். "பாவம், அசதி" என்று நாம் விட்டுவிடுகிறோம். அதுவும் இதே கோளாறுதான். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடிக்கும்.

பெரியம்மாவுக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டினார்கள், பல்செட்டை வைத்தார்கள், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அத்தை, இது மதுரை ஆஸ்பத்திரி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரவில் விளக்கைத் தணித்துத் தூங்க விட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை பெரியம்மா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இந்த வீட்டிலே சர்க்கரைக்கு என்ன பஞ்சமா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.