வாழப்பாடி கடைக்கு வரும் மத்தி மீனுக்கு தீனி போடுவது யார்? குமரி கடலுக்குள் ஒரு பச்சை வயல்!

வாழப்பாடி:-

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழப்பாடி மீன் கடைகளில் நின்றால் ரெண்டு ரகம் மீன் கண்ணில் படும். ஒரு பக்கம் கட்லா, ரோகு, ஜிலேபி என்று ஏரி மீன், அணை மீன். இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கிய மத்தி, அயிலை, நெத்திலி.

குட்டை மீனுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கடல் மீனுக்கு யார் போடுகிறார்கள்?

குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன்பே மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். சில நாளில் தண்ணீர் பச்சையாகும். அந்தப் பச்சைதான் பாசித் தூசி. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் தீனி பத்தாது, இன்னும் எரு வேண்டும். முழங்கை முங்குவதற்குள்ளேயே கை மறைந்துபோனால் பச்சை ஓவர். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கடலிலும் இதே கணக்குதான். ஆனால் அங்கே சாணம் கரைக்க ஆள் கிடையாது. காற்றும் நீரோட்டமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

பேங்க் என்றால் வங்கி இல்லை

வாழப்பாடியில் இருந்து சுமார் 500 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது கன்னியாகுமரி. அங்கே கரை முடிகிறதே தவிர தரை முடியவில்லை. தண்ணிக்கு அடியில் மேடாகத் தெற்கே நீண்டு போகிறது. சுமார் 10 ஆயிரம் சதுர கிலோ மீட்டர் பரப்பு. ஆழம் பெரும்பாலும் 200 மீட்டருக்கும் குறைவு. அதன் விளிம்பைத் தாண்டினால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் பள்ளம். இந்த மேட்டுக்கு பெயர் 'வெட்ஜ் பேங்க்'.

பேங்க் என்றதும் பாஸ்புக் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். கடலுக்குள் இருக்கும் திட்டைத்தான் இங்கிலீசில் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு விதத்தில் பொருத்தமான பெயர்தான். சேமிப்பு இருக்கிறது.

கடலில் செத்த மீன், பாசி, கழிவு எல்லாம் கீழே இறங்கி மக்குகிறது. அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று நாம் மூட்டையில் வாங்கும் உரச்சத்து எல்லாம் அடியில் தங்கிவிடுகிறது. வெயிலோ மேல் தண்ணீரில் மட்டும்தான் விழும். ஆழ்கடலில் எரு ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். அதனால்தான் நடுக்கடல் கண்ணுக்கு நீலமாக அழகாக இருக்கும், மீன் கம்மி. நீலக் கடல் பட்டினிக் கடல் என்று சொன்னாலும் தப்பில்லை.

மேடான இடத்தில் கதையே வேறு. தென்மேற்கு பருவக்காற்று காலத்தில், மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப பள்ளத்தில் இருந்து குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே ஏறுகிறது. மேட்டில் மோதும் நீரோட்டமும் அடித் தண்ணீரைக் கிளப்பி விடுகிறது. நம்ம ஊரில் ஏரி வண்டலை அள்ளி மரவள்ளிக் காட்டில் கொட்டுகிறோமே, அதே வேலை.

எரு வந்தாச்சு, வெயில் இருக்கு. பாசித் தூசி பெருகுகிறது. அதைப் பொடிப் பூச்சிகள் தின்கின்றன. பூச்சியைச் சின்ன மீனும், சின்ன மீனைப் பெரிய மீனும் தின்கின்றன.

ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சதையாகத் தேறும் என்பது பொதுவான கணக்கு. ஆயிரம் கிலோ பாசிக்கு 100 கிலோ பூச்சி, அதற்கு 10 கிலோ சின்ன மீன், அதற்கு ஒரே ஒரு கிலோ வஞ்சிரம். மத்தியோ நேராகப் பாசியையே தின்னும் மீன். கூட்டம் கூட்டமாகப் பெருகி ஏழை வீட்டுக் குழம்புக்கு எட்டுவது அதனால்தான்.

விசைப்படகுகளுக்கு மேற்கு கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை போடுவதும் இந்தக் காற்று காலத்தில்தான். மீன் முட்டையிட்டு, குஞ்சு தின்று வளரும் சமயம் இது.

பாசி மோசம் போனால் மீனும் மோசம் போகும். பக்கத்து கேரளாவில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது 3 ஆயிரத்து 300 டன் கூட இல்லை. கடல் சூடானதும் தீனி மாறியதும் காரணங்களில் சில என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். கடல் மேலே சூடானால் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் லேசில் மேலே ஏறாது. பிறகு மத்தி திரும்பி வந்தது என்றாலும் அந்த வருடங்களில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

1976 ஒப்பந்தம்

கச்சத்தீவைப் பற்றி டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. வெட்ஜ் பேங்க் பற்றி பேசுபவர்கள் குறைவு. இலங்கைப் படகுகளும் முன்பு இங்கே வந்து மீன் பிடித்தன. 1976 மார்ச் 23-ந்தேதி ஏற்பட்ட உடன்பாட்டில் இந்த மேடு இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டது என்று முடிவானது. இலங்கையின் 6 படகுகள் மட்டும் 3 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2 ஆயிரம் டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது. அன்றைக்கே ரெண்டு அரசாங்கமும் கிலோ கணக்கில் எழுதி வைத்த இடம் இது.

இப்போது குமரி மீனவர்களின் பயம் வேறு. கன்னியாகுமரிக்கு தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் மத்திய அரசின் திட்டத்தை எதிர்த்து 2025-ல் அவர்கள் போராட்டம் நடத்தினர். நாட்டுக்கு எரிபொருள் வேண்டும் என்பது அரசு தரப்பு வாதம். பெரிய மீன் என்றால் சத்தம் கேட்டு ஓடிவிடும். தண்ணீரில் மிதக்கும் முட்டையும் பாசியும் எங்கே ஓடும் என்பது மீனவர்கள் தரப்பு கேள்வி.