உங்களுக்குத் தெரியுமா? கிலோ கணக்கில் விமான டிக்கட்!

பொதி 2 கிலோ கூடிவிட்டால் கவுண்டரில் காசு கேட்கிறார்கள். பக்கத்து சீட்டில் வந்து இருப்பவர் நம்மைவிட 40 கிலோ கூட, அவருக்கும் அதே கட்டணம்! பொதியை நிறுக்கிறவர்கள் ஆளை ஏன் நிறுப்பதில்லை?

★ வாவிக்கரை ஓடுபாதை
விமானத்தில் பாரம் ஏன் முக்கியம் என்பதை நம்மூரிலேயே பார்க்கலாம். மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில், வாவியை ஒட்டி இருக்கிறது. 1958இல் கட்டினார்கள். 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. 2018 மார்ச்சில் உள்நாட்டுப் பயணிகளுக்கு மீண்டும் திறந்தது. கட்டுநாயக்க ஓடுபாதை 3,350 மீற்றர். நம்முடையது 2 கிலோமீற்றரும் இல்லை. ஓடுபாதை குறுகக் குறுக, ஏற்றக்கூடிய பாரமும் குறையும். கச்சான் காற்று அனலாய் வீசும் நாளில் இன்னும் குறையும். சூடான காற்று ஐதானது, இறக்கையைத் தூக்கும் பலம் அதற்குக் குறைவு.

★ எட்டுப் பேர், 120 கிலோ
2013இல் பறக்கத் தொடங்கிய சினமன் எயார், மட்டக்களப்புக்கும் சேவை நடத்திய நிறுவனம். அதன் செஸ்னா 208 கரவான் ஒற்றை இயந்திரச் சிறு விமானம். இப்படிப்பட்ட விமானத்தில் எட்டுப் பேர் ஏறுகிறார்கள், ஒவ்வொருவரும் விமான நிறுவனம் கணக்கில் போடும் சராசரி எடையைவிட 15 கிலோ கூட என்று வையுங்கள். 120 கிலோ! சீட்டே இல்லாமல் ஒன்றரை ஆள் ஏறின மாதிரி. 180 பேர் போகும் ஜெட்டில் ஒல்லியும் பருமனும் கலந்து சராசரி சரிக்கட்டிவிடும். சின்ன விமானத்தில் அந்த வசதி இல்லை.

★ செய்தே காட்டிய சமோவா
பசிபிக் தீவு நாடான சமோவாவில் ‘சமோவா எயார்’ ஆளின் எடைக்குத்தான் டிக்கட் விற்றது. 2013இல் உலகமெங்கும் இதே பேச்சு. உடம்பும் பொதியும் சேர்த்து எத்தனை கிலோ என்று பதியும்போதே சொல்லவேண்டும். விமான நிலையத்தில் தராசில் ஏறி நிற்கவேண்டும். ஓடியதெல்லாம் சிறு விமானங்கள். பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு இதில் லாபம் என்றார் நிறுவனத் தலைவர் கிறிஸ் லாங்டன். பருமனானவர்களுக்கென்று அகலமான இருக்கை வரிசையும் போட்டார்கள். காசு கூட வாங்கினால் இடமும் கூடக் கொடுக்கவேண்டும் என்ற நியாயம் அங்கே இருந்தது. ஆனால் 2015இல் நிறுவனமே மூடப்பட்டது.

★ கணக்குப் போட்டுப் பார்ப்போமா?
ஜெட் விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் அளவு எரிபொருள் மணித்தியாலத்துக்கு எரியும் என்பது பொதுக்கணக்கு. உங்களைவிட 20 கிலோ கூடின ஒருவரால் ஒரு மணித்தியாலத்தில் எரிவது 600 கிராம், முக்கால் லீற்றர். கொழும்பிலிருந்து சென்னை போய்ச் சேருவதற்குள் ஒரு லீற்றர் அளவு. காசாக்கினால் ஒரு சோற்றுப் பார்சலுக்குக் கிட்டத்தான் வரும். டிக்கட் விலையில் பெரும்பங்கு விமானம், விமானி, வரி, விமான நிலையக் கட்டணம். அவை ஆளின் எடைக்குக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

★ மல்லர்களுக்கு இன்னொரு விமானம்
2023 அக்டோபரில் ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக்கு சுமோ மல்லர்கள் புறப்பட்டார்கள். ஜப்பான் எயார்லைன்ஸ் சாதாரணப் பயணிக்கு 70 கிலோ போடும். மல்லர்களின் சராசரியோ 120 கிலோ! தீவின் ஓடுபாதை சிறியது, பெரிய விமானம் இறங்காது. எரிபொருள் பாரமும் சேர்ந்தால் தாங்காது என்று 27 மல்லர்களுக்கு விசேட விமானம் ஒழுங்கு செய்தார்கள்.

★ சராசரி பிழைத்தால்
2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் நகரில் எயார் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 19 இருக்கை விமானம் கிளம்பிய கையோடு விழுந்தது. விமானிகளோடு சேர்த்து 21 பேரும் பலி. வால் பக்கக் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பராமரிப்பில் பிழையாகப் பூட்டியிருந்தார்கள். பின்பக்கம் பாரமும் கூடியிருந்தது. ஏட்டில் எழுதிய சராசரி எடை பழசு, மனிதர்களோ அதைவிடப் பருத்திருந்தார்கள். அதன்பிறகு அமெரிக்கா சராசரிக் கணக்கை உயர்த்தியது.

★ ஊருக்கொரு உடம்பு
ஐரோப்பிய விதியில், 20 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள விமானங்களுக்குப் பொதுவாக ஆண் 88 கிலோ, பெண் 70, பிள்ளை 35 என்று கைப்பையோடு சேர்த்துக் கணக்கு. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு 75 கிலோ என்பது நெடுநாள் வழக்கம். பயணிகளை அவ்வப்போது நிறுத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தவேண்டும் என்று அங்கே 2024இல் வரைவு விதி வந்தது. எயார் நியூசிலாந்தும் கொரியன் எயாரும் 2023இல், பின்லாந்தின் பின்எயார் 2024இல் பயணிகளைத் தராசில் ஏற்றின. எல்லாம் கணக்கெடுப்புக்கு மட்டுமே, கட்டணத்துக்கல்ல. நியூசிலாந்தில் எடை எவர் கண்ணிலும் படாதபடி நேரே கணினிக்குப் போனது.

★ மூன்று வழி சொன்ன பேராசிரியர்
நோர்வேயில் இருந்து பரத் பி. பட்டா 2013இல், எடைப்படி கட்டணம் வைக்க மூன்று வழி சொல்லி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கிலோவுக்கு இவ்வளவு என்று விற்பது ஒன்று. பொதுக்கட்டணம் வைத்து, கூடினால் கூட்டி, குறைந்தால் கழிப்பது இன்னொன்று. ஒல்லி, நடுத்தரம், பருமன் என மூன்று விலை வைப்பது மூன்றாவது. கனடாவோ அதற்கு முன்பே, 2008இல், எதிர்த்திசையில் போனது. உடற்பருமனால் இயலாமை உள்ளவர் உள்நாட்டு விமானத்தில் இரண்டு இருக்கை பிடித்தாலும் ஒரு டிக்கட்தான் என்று தீர்ப்பு.

★ துறைக்காரரின் கணக்கு
மட்டக்களப்பு வாவியின் குறுமண்வெளித் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். தலைக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு. மெலிந்தவருக்குக் கழிவு கிடையாது. ஆனால் எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கினால் துறைக்காரர் சும்மா விடமாட்டார். காசு தலைக்கு, கவனம் பாரத்துக்கு. விமானத்துக்கும் இதுதான் சரி. உயிருக்காக நிறுக்கட்டும், விலைக்காக வேண்டாம். உயரமும் உடல்வாகும் பிறப்போடு வருவது. பொதிதான் நாமாகக் கட்டுவது.

★ பொய் சொல்லாதீர்கள்!
சின்ன விமானத்தில் ஏறும்போது எடை கேட்டால், சப்பாத்து, கைப்பை, வாங்கின கசுக்கொட்டைப் பார்சல் எல்லாம் சேர்த்து உள்ளதைச் சொல்லுங்கள். நாலு கிலோ குறைத்துச் சொல்லி எவரையும் ஏமாற்ற முடியாது. பயணி சொன்ன எடையைக் கணக்கில் எடுக்கும்போது, உடுப்புக்கென்று குறைந்தது 10 இறாத்தல் கூட்டிப் போடும்படி அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டலே சொல்லியிருக்கிறது!