வாசற்படியும் சிகிச்சையில் அடங்கும்

பக்கவாதம், தண்டுவடக் காயம், கால் நீக்க அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலிருந்து நல்ல முன்னேற்றத்துடன் வீடு திரும்புவோரில் சிலர், சில மாதங்களிலேயே படுக்கைப்புண்ணுடனோ சிறுநீர்த் தொற்றுடனோ மீண்டும் வருகின்றனர். விசாரித்தால், மருந்தும் பயிற்சியும் முறையாகவே நடந்திருக்கும். வீட்டு வாசலில் மூன்று படிகள் இருக்கும். சக்கர நாற்காலி நுழையாத குறுகிய கதவும், குந்தி அமரும் கழிப்பறையும் இருக்கும். ஒவ்வொரு முறையும் தூக்கிச் செல்ல ஆள் தேட வேண்டுமே என்ற கூச்சத்தில், நோயாளி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். தொற்றுக்கு அதுவே வழியாகிவிடுகிறது.

கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையைச் சுற்றிலும் கல்குவாரிகளும் கல்லுடைக்கும் ஆலைகளும் உள்ளன. குவாரியில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவர் திரும்பிச் செல்ல வேண்டிய இடம், பல நேரங்களில் அரசு உதவியால் கிடைத்த தொகுப்பு வீடாகவோ பசுமை வீடாகவோ இருக்கிறது. இதே வானூர் ஒன்றியத்தின் கொழுவாரியில் 100 வீடுகள் கொண்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரம் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இத்தகைய வீடுகளில் வாழும் குடும்பங்கள் சட்டம் தரும் உரிமைகளை அறிந்திருப்பது, மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு இணையான தேவை எனக் கருதுகிறோம்.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோருக்கு அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்றும், அதில் பெண்களுக்கு உரிய முன்னுரிமை வேண்டும் என்றும் 37ஆம் பிரிவு கூறுகிறது. ஒருவரின் நிலைக்கேற்ப, அளவுக்கு மீறிய சுமையின்றிச் செய்யத்தக்க மாற்றங்களைச் செய்துதர மறுப்பது பாகுபாடாகும் என்பதும் அச்சட்டத்தின் நிலைப்பாடு. அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

ஆயினும், முன்பே கட்டிக் குடியேறிய வீட்டுக்குச் சாய்தளம் தானாக வந்துவிடாது. எழுதிக் கேட்டாக வேண்டும்.

அடித்தளம் போடுமுன்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. பயனாளியே கட்டிக்கொள்ளும் வீடு என்பதால், கடைக்கால் எடுக்கும் முன்பே ஒன்றியப் பொறியாளரிடம் பேசுங்கள். கதவை அகலமாக வைக்கவும் கழிப்பறையை அறையோடு ஒட்டி அமைக்கவும் அப்போது சிறு செலவே ஆகும். பின்னர் சுவரை இடிப்பதென்றால் செலவு பன்மடங்காகும்.

கவனிக்க வேண்டிய அளவுகள்:

• சாய்தளம்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். திண்ணை ஒன்றரை அடி என்றால் சாய்தளம் பதினெட்டு அடி. இடம் போதாவிடில், நடுவே சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது ஆபத்து.

• கதவு: திறந்த நிலையில் மூன்றடி இடைவெளி. கழிப்பறைக் கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும் நிலை அதனால் தவிரும்.

• திரும்புமிடம்: சக்கர நாற்காலி சுற்றித் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி.

• கழிப்பறை: ஏறத்தாழ ஒன்றரை அடி உயர இருக்கை, சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. உடனடி மாற்று வேண்டுமெனில், நடுவில் துளையுள்ள நாற்காலியைத் தற்போதைய கழிப்பறைக் கோப்பையின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம்.

• பார்வை குறைந்தோருக்கு: படியின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் வண்ணப் பட்டை.

யாரிடம் கேட்பது?

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைப் பெறுங்கள். அதன் நகலை இணைத்து, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு அளிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர், தரைத்தள வீடு கோரி வாரியத்துக்கு எழுதலாம். "வசதி செய்து தரவும்" எனப் பொதுவாக எழுதாமல், "பதினெட்டு அடிச் சாய்தளம், இரண்டு கைப்பிடிகள்" எனத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெற மறவாதீர்கள்.

வீடு திரும்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாசல், கதவு, கழிப்பறை ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, அளவு நாடாவால் அளந்து எங்களிடம் கொண்டுவாருங்கள். எந்த மாற்றம் முதலில் தேவை என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம். மனுவுடன் இணைக்க, நோயாளியின் உடல்நிலையையும் தேவையையும் விளக்கும் மருத்துவக் கடிதமும் தருவோம். வீட்டில் இயன்முறைப் பயிற்சி தொடர வேண்டியவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.