முதலுதவித் தொண்டராக விரும்புகிறீர்களா? வகுப்புத் தொடங்கும்வரை நீங்களே படிக்கக்கூடியவை

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் ஆகிய அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. உங்கள் பக்கம் வகுப்புத் தொடங்கச் சில காலம் ஆகலாம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வரும் பயிற்றுநரால் சொல்லித்தர முடியாத ஒரு பாடம் உங்களைச் சுற்றியே இருக்கிறது. அது உங்கள் இடத்தைப் பற்றிய பாடம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியது. அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு 2016இல் பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. புது வீட்டில் குடியேறுபவர் எவ்வளவு காலம் தோட்டத்தில் வாழ்ந்தவராக இருந்தாலும், பாதைகளைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். பழைய இடத்துக்கே திரும்பியவர்களுக்கும் இது பொருந்தும். மண் சரிந்த பிறகு பழைய குறுக்குப் பாதை இருக்கும் என்று நம்ப முடியாது.

ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவின் பெயரைத் தோட்டத்தில் புழங்கும் பெயரிலும் அரசாங்கப் பதிவிலுள்ள பெயரிலும் எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அம்புலன்ஸ் வழி தவறும். வாகனம் எதுவரை வரும், அதற்கு மேல் நோயாளியை எந்த வழியாகத் தூக்கி வரலாம், தொலைபேசிச் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பவற்றை நடந்து பார்த்துக் குறியுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைத்தால் இடம் எது, என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். இதைப் பதறாமல் சொல்ல வீட்டிலேயே பழகலாம்.

தானாக நடக்க முடியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் யார் என்பதையும் அவர்களின் சம்மதத்துடன் எழுதுங்கள். நோய் விபரம் ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது. கொப்பி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மழைக்காலத்தில் இந்தப் பட்டியல் உயிர் காக்கும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான டின்னைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் ஓரளவு தெரியும். நடக்க முடியாதவர்களை 100இலேயே நகர்த்துங்கள். லயமே புறப்படும் நேரத்தில் தூக்க ஆள் கிடைக்காது. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

உடலைப் பற்றியும் கொஞ்சம் படிக்கலாம். வீட்டில் ஓய்வாக இருக்கும் பெரியவரின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் கூடும். பலமுறை எண்ணிப் பழகியவருக்குத்தான் கோளாறு சட்டென்று தெரியும்.

மலையில் அடிக்கடி வருவது குளவிக் கொட்டு. முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும், கையால் விசிறக் கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, நிறையக் குளவிகள் கொட்டியிருந்தாலோ உடனே 1990. அவரை லயம்வரை நடத்திக் கூட்டி வராதீர்கள். தூக்கி வாருங்கள். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டாம். இரத்தம் ஓடும் காயத்தில் கோப்பித்தூள் வைப்பது நம் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.

நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுதல் போன்றவற்றைப் படித்து மட்டும் கற்க முடியாது. பயிற்றுநர் முன்னால் பொம்மையில் செய்தே பழக வேண்டும். சரிந்த மண்ணுக்குள் தனியாக இறங்குவதும் வேண்டாம், மறுபடி சரியலாம்.

பெயர் பதிய கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ விசாரியுங்கள். தமிழில் வகுப்பு வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவையுங்கள். முதல் நாள் வகுப்புக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.