உங்களுக்குத் தெரியுமா? ஒரே நாடகம், ஊருக்கொரு மெட்டு

'மை ஃபேர் லேடி' இசைநாடகத்துக்கு இரண்டு புகழ்பெற்ற ஒலிப்பதிவுகள் உண்டு. 1956இல் நியூயார்க் குழுவின் மோனோ இசைத்தட்டு. 1959இல் லண்டன் குழுவின் ஸ்டீரியோ இசைத்தட்டு. இரண்டிலும் ரெக்ஸ் ஹாரிசன், ஜூலி ஆண்ட்ரூஸ், மெட்டுகளும் அவையே. எது உசத்தி என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை!

பெங்களூரு நாடக ரசிகருக்கு இது சின்ன வழக்காகத்தான் தோன்றும். கிரீஷ் கார்னாடின் 'ஹயவதனா' நாடகப் புத்தகத்தில் பாடல் வரிகள் இருக்கும், மெட்டு இருக்காது. மேடையேற்றுபவர் பாடு அது.

கன்னடத்தில் அந்தப் பாட்டைப் பட்டவர் பி.வி. காரந்த். சிறுவயதில் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்; பிறகு காசியில் ஓங்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி இசை பயின்றவர். கம்பெனிப் பாட்டின் துள்ளலும் ராகத்தின் நிதானமும் அவர் மெட்டுகளில் சண்டையில்லாமல் குடியிருக்கும். மராத்தியில் விஜயா மேத்தா இயக்கியபோது இசை பாஸ்கர் சந்தாவர்க்கருடையது. அது வேறொரு உலகம்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1972 டிசம்பர் 7 அன்று, மியூசியம் தியேட்டரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் இந்நாடகத்தை ஆங்கிலத்தில் அரங்கேற்றினார்கள்.

காரந்தின் மெட்டுகளோ நாடகத்தைத் தாண்டி, 'ரங்ககீதெ' (நாடகப் பாடல்) என்று தனிக் கச்சேரிகளுக்கே வந்துவிட்டன. ரங்ககீதெ பாடுவதில் பேர்போன பி. ஜெயஸ்ரீ, குப்பி வீரண்ணாவின் பேத்தி.